சீனப் படத்தில் எம்மவர்

ஆவணி 6, 1997. புதன்.

இன்றைக்கும் இவர் சோபாவில். காலையில் நான் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கம் சரிந்திருந்தாரோ, திரும்பி வந்தபோதும் அதே பக்கம். ரிவியில் காலநிலைச் சனல். வன்கூவரில் மழையாம். நல்லது, வின்சன்ற் ஐயாவுக்கு அறிவிச்சாச்சு, வன்கூவர் சனம் இனிப் பயப்படத் தேவையில்லை.

இவர் வேலை செய்த மெத்தை ஃபக்டறியைப் பங்குனியில் பூட்டினார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் முழுநேரம் வேலை செய்வது சோபா ஒன்றுதான்.

கடையில் மிஸிஸ் குவொன், 'உங்கட இந்தியாவிலை இப்ப சரியான வெய்யிலோ' என்று கேட்டா. இந்த மனுசியின் கடையில் மூன்று வருடமாகப் பாலும் சிகரட்டும் லொத்தர் ரிக்கற்றும் விற்கிறேன். இலங்கை, இலங்கை என்று மூன்று வருடமாகவும் சொல்கிறேன். 'எல்லாம் அந்தப் பக்கம்தானே' என்று கையை ஒரு விசுக்கு விசுக்குவா. அந்த விசுக்கில் நடுவில் கிடக்கிற கடலே தூர்ந்து போகும்.

அவ கொரியாக்காரி. நான் வீட்டில் 'சீனத்தி' என்று சொல்வது வழக்கம். அது வேற கதை.

பின்னேரம் அவவின் தம்பிக்காரன் வந்தான். கொரியாவிலிருந்து ஒரு படக் கொம்பனி வருதாம். அடிதடிப் படம். சியோல் நகரத்துத் துப்பறியும் பொலிஸ்காரன் ஒருத்தன் போதைமருந்துக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு அமெரிக்காவுக்கு வாறானாம். அமெரிக்கா எங்கே? ரொறன்ரோதான். இங்கே செலவு குறைவாம். அந்தக் கூட்டத்துக்கு டிரெக்டருக்குப் பல நிறத்தில் ஆட்கள் வேணுமாம். வெள்ளை கிடைச்சிட்டுதாம், கறுப்பும் கிடைச்சிட்டுதாம், மண்ணிறம்தான் தட்டுப்பாடாம். பெயின்ற் கடைக்குப் போக வேண்டியவன் பால் கடைக்கு வந்திட்டான்.

மீசை வைச்ச ஆம்பிளை ஆரும் தெரியுமோ என்று என்னைக் கேட்டான். யாழ்ப்பாணத்துக்காரியிடம் கேட்கிற கேள்வியைப் பார்.

ஆவணி 7, வியாழன்.

இவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் 'எனக்கென்ன விசரோ' என்பார்.

ஆவணி 9, சனி.

சொன்னேன். சும்மா பகிடிக்குத்தான் சொன்னேன். மனுசன் எழும்பி விட்டார்! சோபாவில் பள்ளம் மட்டும் கிடந்தது.

'கமராவுக்கு முன்னாலை போறதெண்டால் துப்புரவாய்ப் போகவேணும்' என்று குளியலறைக்குள் போனார். எங்கட சனம் படம் பிடிக்கப் போகிறதென்றால் இப்படித்தானே. பாஸ்போட் படத்துக்கே கோட் போடுகிற ஆட்கள். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், எல்லாம் முடிந்து வெளியில் வந்தபோது மீசையைக் காணவில்லை. மழுங்கச் சிரைச்சுப்போட்டார்.

மீசைக்காகத்தானப்பா கேட்டவங்கள் என்றேன். கண்ணாடியில் கொஞ்ச நேரம் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, 'ரெண்டு கிழமையிலை வளராதே?' என்று கேட்டார்.

பாவம். சிரிப்பை அடக்க எனக்கு வயிறு நொந்து போச்சு.

ஆவணி 10, ஞாயிறு.

பூசைக்குப் போய் வந்து சாப்பிடும்போது டிலானிக்குத் தெரிய வந்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு முன்னால் எதையும் மெதுவாகத்தான் எடுக்கவேணும். இவரோ எடுத்த எடுப்பிலேயே, 'அப்பா கேங் ஆளாய் நடிக்கப் போறன்' என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். பேப்பர்களில் தமிழ்ப் பெடியள், கோஷ்டி, வாள் என்று எழுதத் தொடங்கினதிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவளிடம் கேட்கிறார்களாம், உன்ர கசின்மார் எந்தக் கேங் என்று. கேட்கிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கேட்கினமாம். ஒரு ரீச்சர் மட்டும் சிரிக்காமல் கேட்டவவாம். இதை எங்களுக்கு அவள் இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

'அவையள் நினைக்கிறதை நீங்களே போய் நடிச்சுக் காட்டப் போறீங்களா, அப்பா?' என்று கேட்டாள்.

'நடிப்பு நடிப்புத்தானே பிள்ளை. எங்கட குருநகர்க் கூத்திலை நான் ராசாவாயும் ஆடினனான். அதுக்காக ஆரும் எனக்கு வரி கட்டினவையே?'

அவள் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

எனக்கு இரண்டு பேரிலும் நியாயம் தெரிகிறது. அதுதான் கரைச்சல். ஒருத்தரில் பிழை இருந்தால் ஏசிப்போட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.

ஆவணி 16, சனி.

டிலானி தகப்பனோடு கதைப்பதை நிற்பாட்டி ஒரு கிழமை ஆகிறது. எல்லாம் என்னூடாக. 'அம்மா, அப்பாட்டைக் கேளுங்கோ, ரிமோட் எங்கை எண்டு.' ரிமோட் அப்பாவின் கையில். அப்பா அவளுக்குப் பக்கத்தில். நான் குசினிக்குள். இந்த வீட்டில் எனக்கு இரண்டாவது வேலையும் கிடைச்சிருக்கு, ரெலிபோன் ஒப்பரேற்றர்.

ஆவணி 29, வெள்ளி.

உடுப்பு அளவு பார்க்க இவரோடு நானும் போனேன். சோற்றுப் பெட்டியும் கொண்டு போனேன். எங்கே போனாலும் சோறு கொண்டுதானே போறது.

முதலில் மீசை. ரெண்டு கிழமைக்கு மேல் வளர்த்தது போதாதாம். பசை பூசி ஒன்றை ஒட்டினார்கள். சொந்த மீசையைச் சிரைச்சுப்போட்டு வாடகை மீசை வைச்ச உலகத்தின் ஒரே யாழ்ப்பாணத்தான் என்ர மனுசன்தான்.

பிறகு ஒரு தலைப்பாகை. செம்மஞ்சள் நிறம். பாத்திரத்தின் பெயர் என்னவென்று இவர் கேட்டார். கடதாசியைப் பார்த்து 'கான்' என்றாள் அந்தப் பிள்ளை. இவர் மரியாதையாகத்தான் சொன்னார்: பிள்ளை, கான் எண்ட பேருள்ள ஆக்கள் இப்பிடித் தலைப்பாகை கட்டமாட்டினம், இது சீக்கியர் கட்டுறது, நான் ரெண்டுமில்லை, கத்தோலிக்க வேதக்காரன், இலங்கை. அவள் எல்லாத்தையும் வலு கவனமாக எழுதினாள். எழுதி முடித்து 'குட், வெரி குட்' என்று தலைப்பாகையை இன்னும் இறுக்கிவிட்டாள்.

தலை சீக்கியர். பெயர் முஸ்லிம். கழுத்தில் அந்தோனியார் பதக்கம். வாய் குருநகர்த் தமிழ். பார்க்கிறவனுக்கு இந்தியா. ஒரு ஆளுக்குள் இதைவிட எத்தனை பேரை அடைக்கிறது? இந்த நாட்டில் 'மல்ரிகல்ச்சர், மல்ரிகல்ச்சர்' என்று சொல்கிறார்களே, அதை முழுக்க என்ர மனுசனின் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

எங்கட பில்டிங்கில் ஐந்தாம் மாடியில் ஒரு சீக்கியக் குடும்பம் இருக்கு. நல்ல சனம், லிஃப்ற்றில் கண்டால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பினம். இந்தப் படத்தை அவை பார்த்தால் எந்த முகத்தோடு லிஃப்ற்றில் ஏறுறது?

இவருக்கு அதெல்லாம் இல்லை. பஸ்ஸில் வரும்போது ஏதோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஏசுகிறார் என்று நினைத்தேன். காதைக் குடுத்துக் கேட்டால் — பாட்டு. கனடா வந்து எட்டு வருடத்தில் ஒரே ஒரு தரம்தான் இவர் பாடிக் கேட்டிருக்கிறேன். வந்த புதிதில் ஒரு நாள் வீட்டில் பாடினார். கீழ்வீட்டுக்காரன் கூட்டுகிற தும்புத்தடியால் சீலிங்கில் இடித்தான். அன்றோடு சரி. குருநகரில் விடிய விடியக் கூத்தாடின தொண்டை, ஒரு தும்புத்தடிக்கு அடங்கிப்போச்சு.

புரட்டாதி 5, வெள்ளி.

சிவபாதம் அண்ணை தன்ர பத்திரிகையில் அரைப்பக்கம் போட்டுவிட்டார். அவருக்குப் பிளேன் ரிக்கற் வியாபாரம்; பத்திரிகை, ஆட்களை வாழ்த்துவதற்கு. இவரின் படம், கலியாணத்தில் எடுத்தது, இருபது வருடப் பழசு, முழு மீசையோடு. மேலே கொட்டை எழுத்தில்:

'சீனப் படத்தில் எம்மவர்!'

கீழே, சீனத் திரையுலகில் தடம் பதிக்கும் குருநகர் மண்ணின் மைந்தன், கலைஞர் வின்சன்ற் அவர்களை உளமார வாழ்த்துகிறோமாம். தடம் பதிக்கிறாராம். மனுசன் இன்னும் சப்பாத்துக்கூட வாங்கவில்லை.

ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்லுவான். வெட்டி ஃபிறிட்ஜில் ஒட்டினேன். டிலானி தண்ணி எடுக்க வந்து அதை வாசித்துப்போட்டு, 'சைனீஸா?' என்று மட்டும் கேட்டாள். எல்லாம் ஒண்டுதான் பிள்ளை என்றேன். ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

புரட்டாதி 6, சனி.

என்ர வாய்க்கு நெருப்பு வைக்கவேணும்.

பத்திரிகைத் துண்டை ஃபிறிட்ஜிலிருந்து கழற்றி மிஸிஸ் குவொனுக்குக் காட்டக் கொண்டு போனேன். அவவுக்கும் சந்தோசம், தன்ர தம்பியின் படமெல்லோ. என்ன எழுதியிருக்கு, வாசி என்றா. நானும் எழுத்துக்கூட்டி இங்கிலிசில் சொல்லத் தொடங்கினேன். 'எங்கட ஆள், சைனீஸ் படத்திலை —' சொல்லும்போதே பிழை விளங்கிப்போச்சு. ஆனால் வந்த சொல்லைத் திருப்பி விழுங்க ஏலுமே?

மனுசி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கல்லாவை ஒருக்காத் திறந்து மூடினா. பிறகு மெதுவாகச் சொன்னா: 'பதினெட்டு வருசம் இந்தக் கடை. வாற எல்லாரும் என்னைச் சைனீஸ் எண்டினம். நீயுமா?'

நான் என்ன சொன்னேன் தெரியுமோ? 'நீங்களும் என்னை இந்தியா எண்டுதானே சொல்லுறனீங்கள்' என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் வழக்குப் பேசினேன். கொழுப்பைப் பார்.

பின்னேரம் முழுக்க அவ பால் பக்கம், நான் லொத்தர் பக்கம்.

ஒருத்தன் என்ர மனுசனின் தலையில் கண்டறியாத தலைப்பாகையைக் கட்டினதுக்கு நான் ஒரு கிழமையாகப் பொருமுகிறேன். நான் மூன்று வருடமாக இந்த மனுசியின் தலையில் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கு.

புரட்டாதி 11, வியாழன்.

காலையில் கடைக்குப் போனேன். அந்தப் பத்திரிகைத் துண்டு கல்லாவுக்குப் பின்னால், சிகரட் தட்டுக்கு மேலே ஒட்டியிருந்தது. நான்தான் அன்றைக்குப் பதற்றத்தில் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மிஸிஸ் குவொன் ஒரு கறுத்த மார்க்கரை என்னிடம் நீட்டினா. 'எது சைனீஸ்? காட்டு.' காட்டினேன். கோடு போட்டு வெட்டச் சொன்னா. வெட்டினேன். 'கொரியா எண்டு உங்கட எழுத்திலை எப்பிடி?' ஒரு றிசீற்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துப் பார்த்துத் தானே மேலே எழுதினா. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.

எழுதி முடித்து, 'உன்ர நாட்டின் பேரை இன்னொருக்காச் சொல்லு' என்றா. சொன்னேன். யாழ்ப்பாணத்தையும் சொல்லிக் குடுத்தேன். அது அவவின் வாயில் ஏதோ மருந்தின் பெயர் மாதிரி வந்தது. பரவாயில்லை.

புரட்டாதி 20, சனி.

இன்றைக்குப் படப்பிடிப்பு. கால் உளையுது, ஆனாலும் எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

ஏரிக்கரைப் பக்கம் சாமான் அடுக்கிற ஒரு பழைய கோதாம். கதாநாயகன் ஒவ்வொருத்தராக அடித்து விழுத்திக்கொண்டு வருவான். வெள்ளையர் இரண்டு பேருக்கும் ஆளுக்கு நல்ல நீளச் சண்டை. கறுப்பினப் பெடியனுக்கு அரைவாசி. நல்ல பெடியன், சோற்றுப் பெட்டியிலிருந்து மீன் கட்லற் குடுத்தேன், ஆறு தின்றான். என்ர மனுசனுக்கு ஒரு உதை. ஒரே ஒரு உதை. உதைத்தவுடன் பெட்டிகளுக்கு மேல் விழுந்து சாகவேணும். நிறத்துக்கு நிறம் சாவிலும் அளவு வைத்திருக்கிறார்கள்.

உதைத்தான். இவர் விழவில்லை.

எனக்குத் தெரியும் ஏன் என்று. அங்கே நின்ற வேறு ஒருத்தருக்கும் தெரியாது. குருநகர்க் கூத்தில் ராசா வெட்டுப்பட்டால் சும்மா பொத்தென்று விழமாட்டார். நெஞ்சில் கையை வைத்து, மேடையைச் சுற்றி வந்து, விருத்தம் பாடி, வெட்டினவனைக் கூப்பிட்டுப் பேசி, பெண்சாதியை நினைத்து அழுது, முழங்காலில் இருந்து, திரும்ப எழும்பி, பிறகுதான் விழுவார். சனம் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் ராசா உயிரோடு நிற்பார். பாடாமல் விழுகிறவனுக்கு, காசைக் குடுத்து வேசம் வாங்கினவன் என்ற பெயர்தான் மிஞ்சும். இவர் இருபது வருடம் அப்படிச் செத்துப் பழகினவர். உதை பட்ட உடனே கை தன்பாட்டில் நெஞ்சுக்குப் போய்விட்டது, வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

டிரெக்டர் 'கட், கட்' என்று கத்தினார். சின்ன வயது ஆள். நித்திரை இல்லாத முகம். கெதியாய்ச் சாகச் சொல்லி மிஸிஸ் குவொனின் தம்பி விளங்கப்படுத்தினான். இவர் தலையை ஆட்டினார். திரும்ப உதை. திரும்ப விருத்தம். கதாநாயகன் பாவம், உதைத்த காலோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அடுத்த முறை பாட்டைக் குறைத்தார், அழுகையைக் கூட்டினார். ஐயோ, இப்ப துரத்தப் போறாங்கள், இந்த மனுசன் திரும்ப அந்தச் சோபாவுக்குள்ளை போய்க் கிடக்கப் போகுது, பிறகு ஆர் எழுப்பிறது? அந்தோனியாரே, இவரை ஒருக்காச் சாக வையும் என்று மன்றாடினேன். எந்தப் பெண்சாதியும் இப்படி மன்றாடியிருக்க மாட்டாள்.

டிரெக்டர் கதிரையை விட்டு எழும்பி வந்தார். இவருக்குக் கிட்டப் போய் நின்று, தம்பிக்காரனிடம் ஏதோ சொன்னார். முழுக்கச் செய்து காட்டட்டாம். எல்லாத்தையும்.

இவர் தலைப்பாகையைக் கழற்றி ஒரு பெட்டியில் வைத்தார். அதற்குப் பிறகு பாடினார். முதலில் இருந்து, ஒன்றும் குறைக்காமல். கோதாம் என்ன பெரிய கோதாம், கூரை முழுக்கக் குரல். லைற் பிடிக்கிறவன், வயர் சுற்றுகிறவன், எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். வெட்டினவனைக் கூப்பிட்டுக் கேட்கிற இடம் வந்தது. நீ எந்த நாட்டான், உன் பேர் என்ன, அதைச் சொல்லிவிட்டாவது என்னைக் கொல்லு என்று ராசா கேட்கிற இடம். எனக்கு அழுகை வந்திட்டுது. எட்டு வருடம் இது எங்கேயப்பா கிடந்தது?

விழுந்தார். கை தட்டினார்கள். பிறகு திரும்பவும் தலைப்பாகையைக் கட்டி, ஒரு உதை, ஒரு விழுகை, 'ஓக்கே'. கொஞ்ச நேரத்தில் முடிந்தது.

போகும்போது, காதில் ஹெட்போன் மாட்டின மனுசன் ஒருத்தன் இவரைச் சுவர் ஓரம் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டை மட்டும் இன்னொருக்காப் பாடச் சொல்லி றெக்கோட் பண்ணினான். அவனுக்கும் ஏதும் ஆசையாக்கும்.

புரட்டாதி 21, ஞாயிறு.

இவர் டிலானிக்கு எல்லாம் ஆடிக் காட்டினார். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. ஆனால் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், 'அம்மா, அந்த ஆளுக்குப் பேர் கான்தானோ கடைசி வரைக்கும்?' என்றாள். ஓம் என்றேன். 'வாவ்' என்றாள். அந்த 'வாவ்' நல்ல வாவ் இல்லை.

மார்கழி 5, வெள்ளி.

கொரியாவில் காசு விழுந்து போச்சாம். மிஸிஸ் குவொன் நாள் முழுக்க ரெலிபோனில். படமும் அந்தரத்தில் தொங்குதாம். சிவபாதம் அண்ணை அதுக்கிடையில் மண்டபம் பார்த்துவிட்டாராம். படம் இல்லாமல் படவிழா. எங்கட ஆட்களுக்கு ஏலாத காரியமே?

தை 17, 1998. சனி.

கொரியாவில் சனம் வரிசையில் நின்று, நாட்டின் கடனை அடைக்கத் தங்கட நகைகளைக் குடுக்கினமாம். மிஸிஸ் குவொனின் தமக்கை கலியாண மோதிரத்தைக் குடுத்திட்டாவாம். அதைச் சொல்லி அழுதா. எனக்கு இங்கிலிசில் ஆறுதல் சொல்ல வராது. மோதிரம் குடுக்கிறதென்றால் என்னவென்று தெரியும் என்று மட்டும் சொன்னேன். உன்ர நாட்டிலுமோ என்று கேட்டா. என்ர நாட்டிலும் என்றேன். இந்தியா என்று சொல்லவில்லை அவ.

இவர் திரும்பவும் சோபாவில்.

ஐப்பசி 9, 1998. வெள்ளி.

படம் ஒரு மாதிரி முடிஞ்சு கசற் வந்திட்டுது! மிஸிஸ் குவொனின் தம்பி கடைக்குக் கொண்டுவந்து தந்தான். அட்டையில் கதாநாயகன், துவக்கு, நெருப்பு, யாரோ ஒரு வெள்ளைப் பெண். கானைக் காணோம். 'உள்ளுக்கு இருப்பன்' என்றார் இவர். வீட்டில் போட்டுப் பார்ப்போம் என்றேன். வேண்டாமாம், சனத்தோடு சேர்ந்துதான் பார்க்கவேணுமாம். கூத்துக்காரன் ஒத்திகையைத் தனியாகப் பார்க்கிறதில்லையாம்.

ஐப்பசி 24, சனி.

எல்லாத்தையும் ஒழுங்காக எழுதவேணும்.

சேர்ச் மண்டபம் நிரம்பிவிட்டது. சிவபாதம் அண்ணை மேடையில் பதாகை கட்டியிருந்தார். 'கொரியப் படத்தில் எம்மவர்' என்று நான் ரெலிபோனில் மூன்று தரம் சொல்லித் திருத்தினது. மிஸிஸ் குவொன் நல்ல உடுப்பு உடுத்து முதல் வரிசையில். கொரியா என்ற எழுத்தை அவவே கண்டுபிடித்து எனக்கு விரலால் காட்டினா. இவர் கோட் சூட். சொந்த மீசை. டிலானி வரமாட்டேன் என்றவள், வந்து கடைசி வரிசையில் ஜக்கற்றைக் கழற்றாமல் இருந்தாள்.

படம் ஓடுது, ஓடுது. எல்லாரும் கொரிய மொழியில் கத்துகிறார்கள், சுடுகிறார்கள். எங்கட சனம் பொறுமையாக இருந்தது. ஒன்றரை மணித்தியாலம் போய்க் கோதாம் வந்தது. வெள்ளையரின் சண்டை. கட்லற் தின்ற பெடியனின் சண்டை. அடுத்து ஒரு செம்மஞ்சள் தலைப்பாகை, ஒரு கால், பெட்டிகள் சரிகிற சத்தம். அவ்வளவுதான்.

'இப்ப விழுந்தது வின்சன்றோ, பெட்டியோ?' என்று பின்னால் ஒருத்தர் கேட்டார். மண்டபமே சிரித்தது. நான் இவரைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. கையை மட்டும் பிடித்தேன்.

கதாநாயகன் கடைசியில் கூட்டாளியைப் பறிகொடுத்துவிட்டு ஏரிக்கரையில் தனிய நிற்கிறான். திரை கறுத்தது. எழுத்துகள் மேலே போகத் தொடங்கின. எழுத்து ஓடத் தொடங்கினால் எங்கட சனம் இருக்குமே? கதிரை இழுபடுது, கோட் போடுகினம், பிள்ளைகளைக் கூப்பிடுகினம். சிவபாதம் அண்ணை லைற்றைப் போட்டு, மைக்கைப் பிடித்து, றோல்ஸும் தேத்தண்ணியும் பின்னாலை, ஆதரவு தந்த வர்த்தகப் பெருமக்களுக்கு நன்றி என்று தொடங்கிவிட்டார். இவர் ஒரு கையைக் குளிர்க் கோட்டுக்குள் விட்டபடி வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆரின் முகத்தையும் பார்க்காமல்.

அப்போதுதான் டிலானி ஓடி வந்தாள். கதிரைகளுக்கு மேலால், ஆட்களை இடித்துக்கொண்டு. மேடைக்குப் பக்கத்தில் குனிந்து மைக்கின் வயரைப் புடுங்கினாள். சிவபாதம் அண்ணையின் நன்றி அந்தரத்தில் நின்றது.

'ஷ்ஷ்! அது அப்பா!' என்று கத்தினாள். 'எல்லாரும் இருங்கோ. அது என்ர அப்பா பாடுறார்.'

திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, ஏரி தெரிந்தது, இவரின் குரல் கேட்டது. தலைப்பாகை இல்லை, உதை இல்லை, கான் இல்லை. விருத்தம் முழுக்க. றோல்ஸைக் கடித்தவர்கள் கடித்தபடி நின்றார்கள். இவர் வாசலில், கோட்டின் மற்றக் கை தொங்க, தன்ர குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். டிலானி போய்ப் பக்கத்தில் நின்றாள். தொங்கின கையைப் பிடித்துக் கோட்டுக்குள் விட்டுவிட்டாள்.

மிஸிஸ் குவொன் எழுத்துகளைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தா. ஒரு இடத்தில் என்னை இடித்தா. 'பாட்டு, வின்சன்ற், எண்டு போட்டிருக்கு.' கொஞ்சம் நின்று, 'இந்தியாவாம்' என்றா. பிறகு, 'என்ர தம்பி ஒரு மடையன்.'

இப்ப என்ன பாடுறார் என்று கேட்டா. தன்னைக் கொல்ல வந்தவனிடம், நீ எந்த நாடு, உன்ர பேர் என்னவென்று கேட்கிறார் என்றேன்.

'நல்ல கேள்வி' என்றா மிஸிஸ் குவொன். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணும் துடைத்தேன்.

கார்த்திகை 15, ஞாயிறு.

சேர்ச்சில் பெண்டுகள் இவரைக் 'கான் அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாம் மாடிச் சீக்கியரிடம் நானே போய்க் கசற்றையும் காட்டி மன்னிப்பும் கேட்டேன். இந்த முறை வழக்குப் பேசாமல். அவர் தலைப்பாகையைப் பார்த்துவிட்டு, கட்டினது ஆர், இப்பிடி மோசமாய், என்று மட்டும் கேட்டார்.

கடையில் வாடகைக்கு வைத்திருக்கிற கசற்றின் அட்டையில், பின்பக்கம் மிஸிஸ் குவொன் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறா. கொரிய எழுத்து. என்னவென்று கேட்டேன். 'பாட்டு: வின்சன்ற், ஜாஃப்னா' என்றா. கொரியச் சனம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகுது. பாவங்கள், அது என்ன மருந்தென்று யோசிக்குங்கள்.

இவருக்குப் பேக்கரி ஒன்றில் வேலை. சோபாவின் பள்ளம் மெல்ல மேலே வருது.

இன்றைக்கு மத்தியானம் இறைச்சி வெட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து தும்புத்தடி. டொக், டொக். இவர் நிறுத்திவிட்டார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

டிலானி படித்துக்கொண்டிருந்த மேசையிலிருந்து எழும்பினாள். வாசலுக்குப் போய்த் தன்ர குளிர்காலச் சப்பாத்தை, அந்தப் பாரமானதை, எடுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து நிலத்தில் திருப்பி இடித்தாள். டொக், டொக், டொக்.

'பாடுங்கோ அப்பா' என்றாள். திரும்பவும் புத்தகத்தைத் திறந்தாள்.